மடவைக் குஞ்சு ஏறும் வழி

மீனுக்கு வழி போட்டுக்கொடுப்பது என் வேலை என்றால் கரூரில் என் சொந்தக்காரர்கள் யாரும் நம்புவதில்லை. "அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?" என்று பெரியப்பா மகன் ஒவ்வொரு முறையும் கேட்பான். தருகிறார்கள். நார்வேயின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊராட்சியில் இருபது வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அங்கே சால்மன் மீன் ஓடையில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட அதே ஓடைக்குத் திரும்பி வரும். ஓடைக்குக் குறுக்கே சாலை போட்டவர்கள் தண்ணீர் போவதற்குக் குழாய் வைத்தார்கள். மீன் வரும் என்பதை மறந்துவிட்டார்கள். குழாயில் மோதி மோதி மூக்குத் தேய்ந்த மீன்களைக் கையில் ஏந்தியிருக்கிறேன். குழாயைப் பிடுங்கி, கற்களைப் படிக்கட்டாக அடுக்கி, மேலே முட்டையிடக் கூழாங்கல் பரப்பிவிட்டு, பிறகு மூன்று நான்கு வருடம் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

என் கல்லூரித் தோழி விஜயா பொத்தேரியில் சிவில் பாடம் நடத்துகிறாள். போன ஐப்பசிக்கு முன்னால் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "நார்வே மீனுக்கு இவ்வளவு செஞ்சிட்ட. நம்ம ஊர் மீனுக்காக நாலு குழாயை வந்து பாரு. பதினோரு நாள் லீவு போடு." முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு மீனவக் குப்பம். அங்கே கடலோடு சேரும் உப்பங்கழியின் குறுக்கே ஒரு தரைப்பாலம் கட்டினார்கள். அதன் அடியில் நான்கு சிமென்ட் குழாய்கள். அன்றிலிருந்து பாலத்துக்கு மேற்கே இருக்கும் மேல்கழியில் மீனே இல்லை. நடுவில் இருக்கும் இரண்டு குழாய்களை எடுத்துவிட்டு வழியைத் திருத்தப் பஞ்சாயத்து அனுமதி கொடுத்திருந்தது. எடுத்த இடத்தில் மேலே போடும் சிமென்ட் பலகைகளை விஜயாவின் மாணவர்கள் முன்பே வார்த்து வைத்திருந்தார்கள். குப்பத்தின் பெயரை மட்டும் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் படகுச் சவாரிக்காரர்கள் வந்துவிடுவார்களாம், அந்தக் குப்பத்துக் கன்னியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முதல் நாள் விஜயா எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்து, பொத்தேரியில் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். கேளம்பாக்கம் வருவதற்குள் அதில் கேஸ் தீர்ந்துவிட்டது. "எல்லாரும் எறங்குங்கோ, மேடம் மட்டும் குந்து, ஊருக்குப் புச்சா கீறே" என்றார் ஓட்டுநர். எட்டுப் பேர் தள்ள நான் மட்டும் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது. இறங்கி நானும் தள்ளினேன். நார்வேயில் பேருந்து இரண்டு நிமிடம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் கேஸ் போடும் இடம் வருவதற்குள் ஓட்டுநர் தன் மகள் கல்யாணத்துக்கு எங்கள் ஒன்பது பேரையும் அழைத்துவிட்டார்.

தங்கியது கோவளத்தில், நசீமா என்ற அம்மையாரின் மாடி அறையில். அவர் கணவர் கயிறும் வலையும் பெயின்ட்டும் விற்கும் கடை வைத்திருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பப் பார்த்தேன். நசீமா மாடிப்படியில் வழியை மறித்து நின்றார். "நாஸ்தா பண்ணாம தண்ணிக்குள்ள எறங்கக் கூடாதும்மா. மயக்கம் போட்டு வுழுந்தா ஆரு தூக்குறது?" இடியாப்பம், பாயா, மேலே தேங்காய்ப்பால். பழுப்புச் சீஸும் ரொட்டியும் தின்று இருபது வருடமாகக் காலைகளைக் கழித்தவளுக்கு அது வேறு உலகம். இரண்டாவது தட்டு வந்தபோது மறுக்கும் தெம்பு எனக்கு இல்லை.

தரைப்பாலத்துக்குப் போனபோது கடல் பக்கக் கழியில் ஒரு தலை மட்டும் தெரிந்தது. ஐம்பது வயதுப் பெண். கழுத்தளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார். பனையோலையில் முடைந்த கூடையின் வாரைப் பல்லால் கவ்வியிருந்தார். அந்தக் கூடையைப் பறி என்பார்கள். சேற்றில் தட்டுப்படும் இறாலைப் பிடித்துப் பிடித்து அதில் போடுவார்கள். நான் கரையில் நின்று என்னைப் பற்றிச் சொல்லி, மீன் எப்போது நின்றது, முன்பு என்ன கிடைத்தது, தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் ஒரு புருவத்தைத் தூக்கினார். பிறகு இன்னொன்றை. கடைசியில் கரைக்கு வந்து பறியை வாயிலிருந்து எடுத்தார்.

"வாய்ல பறிய கவ்விகினு கீறேன். நீ பாட்டுக்குக் கேள்வி மேல கேள்வி கேட்டுகினே கீறே. எப்டி மேடம் பதில் சொல்றது?"

அவர்தான் கன்னியம்மா. முன்பு பெண்கள் எல்லோரும் மேல்கழியில்தான் இறாலும் மடவை மீனும் பிடித்தார்கள். அங்கே ஆழம் இல்லை, படகுத் தொந்தரவு இல்லை. பாலம் வந்து மீன் நின்ற பிறகு ஒவ்வொருவராக நாவலூர் அலுவலகங்களில் துப்புரவு வேலைக்குப் போய்விட்டார்கள். தினமும் விடிந்ததும் ஒரு வேன் வந்து ஏற்றிப்போகும். கன்னியம்மா மட்டும் ஆழமான கடல் பக்கத்தில் தனியாகத் துழாவிக்கொண்டிருந்தார். அங்கே கிடைப்பது அவருக்கே போதவில்லை. வேன்காரர் கடைசியாகக் கெடு வைத்திருந்தார்.

"ஒண்ணாந்தேதி ஏறுன்னு சொல்லிக்கீறான். மேல மீன் ஏறிச்சின்னா நான் வண்டில ஏற மாட்டேன். அத்தான் கணக்கு."

ஒன்றாம் தேதிதான் நான் நார்வேக்குத் திரும்பும் நாள். அந்த வேலை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன். சேலையைப் பிழிந்துகொண்டே யோசித்தார்.

"போய்ப் பாத்தேன் ஒரு நாளு. கண்ணாடி தொடைக்கணும். தொடச்ச கண்ணாடியவே மறுநாளும் தொடைக்கணும். கயி அப்டியா? டெய்லி வேற மாரி கீது."

அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவருக்கு எப்படியாவது மீனைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அது என் கையில் இருப்பது போல.

மூன்றாம் நாள் கல் தேடி மாமல்லபுரம் போனோம். விஜயா அனுப்பிய லாரியில் கருங்கல் ஜல்லி வந்திருந்தது. அதன் முனை ஒவ்வொன்றும் கத்தி. மீன் குஞ்சின் வயிற்றைக் கிழித்துவிடும். சிற்பப் பட்டறைகளில் வீண்கல் மலை மாதிரி கிடக்கும், உளி பட்டு முனை மழுங்கியிருக்கும் என்று கன்னியம்மாதான் சொன்னார். பேருந்தில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வழியில் இருந்த ரிசார்ட் ஒவ்வொன்றும் யார் யாருடைய வலை காயப்போடும் இடமாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பட்டறையில் தும்பிக்கை இல்லாத யானை, ஒரு பக்கம் மட்டும் செதுக்கிய நந்தி, விரிசல் விட்டதால் கைவிட்ட யாரோ ஒரு தேவியின் இடுப்பு எல்லாம் குவிந்து கிடந்தன. கன்னியம்மா தயங்கினார். "சாமி கல்ல கால் மிதிக்கிற எடத்துல போடலாமா?" சிற்பி தூசி படிந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கண்ணு தொறக்காத வரைக்கும் அது கல்லுதான் யக்கா. கண்ணு கடைசீலதான் தொறப்போம். எடுத்துட்டுப் போங்க." இருந்தும் முகம் பாதி தெரிந்த ஒரு கல்லை மட்டும் கன்னியம்மா, கல் ஏற்ற வாடகைக்குப் பிடித்த வண்டியிலிருந்து இறக்கி, சுவரோரமாக நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

மதியம் ஒரு மெஸ்ஸில் இறால் தொக்கு வாங்கிக் கொடுத்தேன். வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் பக்கத்து மேசையில் கண்ணில் நீர் வழிய அதையே தின்றுகொண்டிருந்தார்கள். கன்னியம்மா ஒன்றை மென்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். "பண்ண எறா. சேத்து வாசனயே இல்ல." பிறகு வீணாக்கக் கூடாது என்று முழுவதையும் சாப்பிட்டார்.

நான்காம் நாள் வேலை ஆரம்பித்தது. ஊர்த் தலைவர் ஏழுமலை ஆறு ஆட்களுடன் வந்து நடுக்குழாய்கள் இரண்டையும் பிடுங்கிக் கொடுத்தார். மேல்கழியில் வண்டல் சேர்ந்து தரை ஒரு முழம் உயர்ந்திருந்தது. அதனால் நான் என் ஊரில் செய்வதைப் போலவே கற்களை மூன்று படியாக அடுக்கினேன். யானையின் முதுகு கீழ்ப்படியில் அழகாகப் பொருந்தியது. படம் எடுத்து நார்வேக்கு அனுப்பினேன். என்னோடு வேலை செய்பவர்கள் கட்டைவிரல் உயர்த்திப் பதில் போட்டார்கள்.

கன்னியம்மா கரையில் குந்தியிருந்தார். "மேடம், மீனு எங்கேர்ந்து எங்க போவும்னு நெனச்சி இத கட்டுறே?" என்றார்.

"கீழேர்ந்து மேலே, அக்கா" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல். கை வேலையாக இருந்தது. இப்போது எழுதும்போது அந்தக் கையை ஓங்கித் தட்ட வேண்டும் போல் இருக்கிறது.

அன்று பிற்பகலே மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காலையில் ஊரே மண்வெட்டியோடு கடற்கரைக்குப் போனது. கழி கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தது. கழியில் தண்ணீர் ஏறியதும் அதை வெட்டித் திறப்பார்கள். கற்பூரம் காட்டி ஏழுமலை முதல் வெட்டு வெட்டினார். ஒரு மணி நேரத்தில் கழி பழுப்பாகக் கடலுக்குள் பாய்ந்தது. பெரிய மடவைகள் சினையோடு அந்த வழியாகக் கடலுக்குப் போகுமாம். அங்கே முட்டையிடும். ஏற்கெனவே அங்கே பொரித்து வளர்ந்த குஞ்சுகள் கடல் ஏற்றத்தோடு உள்ளே வரும். ஏழுமலை மணலில் ஒரு கம்பை நட்டு வேப்பிலை கட்டிவிட்டு, கையை வாயருகே குவித்துக் கத்தினார்: "மூணு நாளு மொகத்துவாரத்துல ஆரும் வல போடக் கூடாது. போறது போவட்டும், வர்றது வரட்டும்."

அவ்வளவுதான். யாரும் வலை போடவில்லை. எங்கள் ஊராட்சியில் இதையே ஒரு ஆற்றுக்குச் செய்ய மூன்று குழுவும் இரண்டு வக்கீலும் படகில் சுற்றும் ஒரு காவலாளியும் வேண்டியிருந்தது.

ஆறாம் நாள் முழுக்க மழை. என் படிகளில் தண்ணீர் வெள்ளையாக விழுந்து ஓடியது. நார்வேயில் நின்றுகொண்டிருப்பது போலவே இருந்தது. குடைக்குள் நின்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஏழாம் நாள் மழை விட்டது. காலையில் கன்னியம்மா போன் செய்தார். "ஒடனே வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். போனேன். ஏற்ற நேரம். கடல் தண்ணீர் மெதுவாகக் கழிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. என் கீழ்ப்படிக்கு அடியில், யானை முதுகை ஒட்டி, தண்ணீர் கறுத்துத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். குஞ்சுகள். ஆயிரக்கணக்கில், சுண்டுவிரல் நகம் அளவு. கல்லில் முட்டி, ஒதுங்கி, மறுபடி முட்டிக்கொண்டிருந்தன. நாலைந்து கொக்குகள் வரிசையாக நின்று அவசரமே இல்லாமல் கொத்தித் தின்றன. சற்று நேரத்தில் வற்றம் தொடங்கியது. தண்ணீர் இறங்க, குஞ்சுகளும் வந்த வழியே கடல் பக்கம் இழுபட்டுப் போயின. ஒன்றுகூட மேலே ஏறவில்லை.

கன்னியம்மா திட்டவில்லை. "உன் ஊரு மீனு எம்மாம் பெருசு?" என்றார்.

இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினேன்.

"அது எகிறும். இது எகிறாது. இத தண்ணிதான் தூக்கினு வந்து உடணும். ஓரமா, மெதுவா வரும். நீ படி கட்டி வெச்சிக்கீறே."

வெட்கமாக இருந்தது. தெரியாத விஷயம் இல்லை. சால்மன் பெரிதாக வளர்ந்து எதிர்நீச்சலில் வரும், மடவை குஞ்சாக ஏற்றத்தோடு வரும் என்று விமானத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டுதான் வந்தேன். இரண்டு நாள் முன்னால் முகத்துவாரத்தில் அதையே என்னிடம் சொல்லியும் இருந்தார்கள். ஆனால் என் கை இருபது வருடமாக ஒரே பக்கம் ஓடும் தண்ணீருக்குத்தான் கல் அடுக்கியிருக்கிறது. ஒரு நாளில் இரண்டு தரம் திரும்பி ஓடும் தண்ணீரை அதற்குத் தெரியாது. பாலத்தின் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தன் ஈரக் கையை என் முதுகில் வைத்துக்கொண்டார்.

"அழுதுகினு இருந்தா ஆவுமா தங்கச்சி? பௌர்ணமி ஏத்தத்துக்கு இன்னும் மூணு நாளு கீது."

அதற்குப் பிறகு அவர் என்னை மேடம் என்று கூப்பிடவில்லை.

எட்டாம் நாள் படிகளைப் பிரித்தோம். நடுவில் தரையை வெட்டித் தாழ்த்தி, இரண்டு ஓரங்களிலும் கற்களைச் சரிவாகப் படுக்கவைத்தோம். சரிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கன்னியம்மா முழங்காலளவு தண்ணீரில் நின்று காலாலேயே சொன்னார். "இங்க தண்ணி இய்க்குது. இன்னொரு கல்லு போடு." மட்டக்கோலை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. ஓரத்தில் நீரின் வேகம் குறைய ஏதாவது வேண்டும் என்று தேங்காய்நார்க் கயிறு கேட்டு நசீமாவுக்குப் போன் செய்தேன். கடையில் விற்காமல் கிடந்த பழைய கயிற்றுச் சுருள்களை ஸ்கூட்டரின் முன்னால் அடுக்கி, பின்னால் தூக்குவாளியில் பிரியாணியோடு அவரே வந்துவிட்டார். வாளியைப் பாலத்தின் மேல் வைத்துவிட்டு, முக்காட்டை இறுக்கிக்கொண்டு கயிற்றைக் கல்லோடு கட்டவும் செய்தார். ஒன்பதாம் நாள் மாலை வேலை முடிந்தது. சிமென்ட் பலகைகளை மேலே போட்டு மூடினோம். பார்ப்பதற்கு ஒன்றுமே செய்யாதது போல் இருந்தது. இந்த முறை யாருக்கும் படம் அனுப்பவில்லை.

பத்தாம் நாள் பௌர்ணமி. காலை எட்டு மணிக்கு ஏற்றம் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கன்னியம்மா மேல்கழியில் கணுக்காலளவு தண்ணீரில் அசையாமல் நின்றார். நான் பாலத்தில் படுத்து, தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு கயிற்றை ஒட்டி ஒரு நிழல் அசைந்தது. ஓரத்துக் கல்லின் மேல் தண்ணீர் ஒரு விரல்கடை ஏறியது. குஞ்சுகளும் அதோடு ஏறின. நின்றன, கயிற்று நாருக்குள் ஒதுங்கின, அடுத்த அலைக்கு மறுபடி ஏறின.

"தங்கச்சி," என்றார் கன்னியம்மா, சத்தம் போடாமல். "கால்ல உரசுது."

அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. முகம் குனிந்திருந்தது. நான் அழுதேன். இருபது வருடத்தில் எத்தனையோ மீன் மேலே ஏறுவதைப் பார்த்திருக்கிறேன், இந்த மகிழ்ச்சி எனக்குப் புதிது. கன்னியம்மா வேனில் ஏற வேண்டியதில்லை என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

சேதி ஊரில் பரவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மதியத்துக்குள் கரையில் கூட்டம். இரண்டு பேர் கொசுவலையோடு வந்திருந்தார்கள். குஞ்சுகளை அப்படியே வாரிப் பண்ணைக்காரர்களுக்குக் கொடுக்கலாமாம். வேலைக்குப் போயிருந்த பெண்களில் இரண்டு பேர், வார விடுமுறைக்காரர்கள், பழைய பறியைத் தூசி தட்டி எடுத்து வந்திருந்தார்கள். குஞ்சோடு குஞ்சாக இறாலும் ஏறியிருக்கும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. ஒருவரையும் குறை சொல்ல முடியாது. எல்லோருக்கும் அது பழைய கழி.

அன்று சாயங்காலம் ஏழுமலை கோயில் வாசலில் ஊரைக் கூட்டினார். யார் பிடிப்பது, யார் முதலில் பிடிப்பது என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். கன்னியம்மா கடைசி வரை காத்திருந்துவிட்டு எழுந்தார்.

"மொகத்துவாரத்துக்கு மூணு நாளு வுட்டுக்குடுக்குறோம் இல்ல? மேல்கயிக்குத் தை முடியற வரைக்கும் வுடணும். கொசுவலயும் வேணாம், பறியும் வேணாம். இப்ப வாரினா திரும்பியும் ஒண்ணியும் இருக்காது."

"தை வரைக்கும் நீ இன்னா பண்ணுவே கன்னிம்மா?" என்று கேட்டார் ஏழுமலை. "ஒனக்குத்தானே மொதல்ல வோணும்?"

"நான் வண்டில ஏறுறேன்."

கொசுவலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரே விட்டுக்கொடுத்த பிறகு ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். ஏழுமலை போய்ப் பாலத்தின் இரண்டு முனையிலும் கம்பு நட்டு வேப்பிலை கட்டினார்.

சால்மனுக்காக மூன்று நான்கு வருடம் காத்திருக்கலாம் என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அப்படிக் காத்திருக்கும்போது என் சம்பளம் மாதா மாதம் வந்துவிடும். அதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

பதினோராம் நாள், ஒன்றாம் தேதி. விமான நிலையத்துக்குக் கார் வருவதற்குள் குப்பத்துக்கு ஓடினேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் பெண்கள் வேனுக்காக நின்றிருந்தார்கள். கன்னியம்மா சேலைக்கு மேல் நீலச் சட்டை போட்டு, தலையை வாரிக் கட்டியிருந்தார். உலர்ந்த துணியில் அவரை அன்றுதான் முதல் முறையாகச் சரியாகப் பார்த்தேன்.

"மன்னிச்சுக்குங்க அக்கா. மீன் ஏறினா நீங்க இருக்கலாம்னு நெனச்சுதான் வந்தேன். நாலு நாளைப் படி கட்டியே வீணாக்கிட்டேன்."

"நீ வீணாக்காட்டியும் குஞ்சு குஞ்சுதான், தங்கச்சி. அது வளர்ற வரைக்கும் ஆராவது ஒர்த்தி வெளிய நிக்கணும் இல்ல? அந்த ஒர்த்தி நான்னு வெச்சிக்கோ." சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். "கண்ணாடிதானே. தை வரைக்கும் தொடச்சிட்டு வரேன்."

வேன் வந்தது. ஏறிக்கொண்டார்கள். நான் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன், யாரும் பார்க்கவில்லை. வேன் தரைப்பாலத்தின் நடுவுக்குப் போனதும் நின்றுவிட்டது. நிறுத்தச் சொன்னது யார் என்று தெரியவில்லை. உள்ளே இருந்த எல்லாப் பெண்களும் மேல்கழிப் பக்கத்து ஜன்னல்களுக்கு வந்து, ஒருவர் தோள் மேல் ஒருவர் சாய்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.